மலையிலிருந்து கட்டுநாயக்கவுக்கு: வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிடுங்கள்

மலையகத்திலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் புறப்பட்டு ஃப்ளைட்டைக் கோட்டைவிடுகிறவர்கள் அதை ஹைவேயில் விடுவதில்லை. கினிகத்தேனை வளைவுகளில், கடுகண்ணாவை இறக்கத்தில், அதற்கும் முன்னால் லயத்திலிருந்து (தோட்டக் குடியிருப்பிலிருந்து) மெயின் ரோட்டுக்கு வரும் தோட்டத்துப் பாதையில்தான் நேரம் கரைகிறது. கீழ்நாட்டில் 60 கிலோமீட்டர் என்றால் ஒரு மணி நேரத்தில் ஓடிவிடலாம். மலையில் அதே தூரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். முன்னால் ஒரு மரக்கறி லொறி மாட்டிக்கொண்டால் இன்னும் அரை மணி.

ஃபோன் மேப் காட்டும் நேரத்தை அப்படியே நம்ப வேண்டாம். அது மழையையும் பனிமூட்டத்தையும் கணக்கில் எடுப்பதில்லை. வேனில் போவதாக இருந்தால் வழியில் ஒரு தேநீர் நிறுத்தத்தையும் சேர்த்து இப்படிக் கணக்குப் போடுங்கள்: கண்டியிலிருந்து மூன்றரை மணி நேரம், ஹட்டனிலிருந்து ஐந்து, நுவரெலியாவிலிருந்து ஆறு, பண்டாரவளையிலிருந்து ஏழு, பதுளையிலிருந்து எட்டு. இது டவுனிலிருந்து எடுக்கும் நேரம். பொகவந்தலாவை, மஸ்கெலியா பக்கத்துத் தோட்டம் என்றால் ஹட்டன் கணக்கோடு குறைந்தது ஒரு மணி நேரம் கூட்ட வேண்டும். தோட்டத்துப் பாதை குண்டும் குழியுமாக இருந்தால், வேன் லயம் வரை ஏறுமா என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். ஏறாவிட்டால் பெட்டிகளை ஆட்டோவில் மெயின் ரோட்டுக்கு இறக்க வேண்டும். அது தனி வேலை.

திகதியில் பலர் சறுக்குகிறார்கள். டிக்கெட்டில் 15ஆம் திகதி 00:45 என்று போட்டிருந்தால், நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது 14ஆம் திகதி பகல். 15ஆம் திகதி இரவு போய் நின்றால் விமானம் முந்தின இரவே பறந்திருக்கும். வளைகுடாவுக்குப் போகும் விமானங்களில் பல நள்ளிரவை ஒட்டியே புறப்படுவதால் இந்தக் குழப்பம் அடிக்கடி வருகிறது. டிக்கெட் கைக்கு வந்ததும் கலண்டரில் "வீட்டிலிருந்து புறப்படும் நாள்" என்று தனியாக எழுதி வைத்துவிடுங்கள். வேன்காரரிடமும் அந்த நாளையே சொல்லுங்கள், விமானத்தின் திகதியைச் சொல்ல வேண்டாம்.

நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணி வாருங்கள். அதிகாலை 2:30க்கு விமானம் என்றால் இரவு 11:30க்கு முனையத்தின் வாசலில் நிற்க வேண்டும். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு வேலைவாய்ப்புப் பணியகத்தின் பதிவுச் சரிபார்ப்பும் இருக்கிறது, அதற்கு அரை மணி நேரம் ஒதுக்கினால் 11 மணி. ஹட்டனிலிருந்து ஐந்து மணி நேரம் என்பதால் மாலை 6 மணிக்குக் கிளம்பினால் போதும் என்று கணக்கு சொல்லும். கணக்கு சரி, கிளம்பும் நேரம் பிழை. 6 மணிக்குப் புறப்பட்டால் கினிகத்தேனைக்கும் கித்துல்கலைக்கும் இடைப்பட்ட இறக்கம் முழுவதையும் இருட்டில், பெரும்பாலும் மழையில் கடக்க வேண்டியிருக்கும். பிற்பகல் 2 மணிக்கே கிளம்பினால் இருட்டுவதற்கு முன் அவிசாவளையைத் தொட்டுவிடலாம். கட்டுநாயக்கவில் மூன்று நான்கு மணி நேரம் சும்மா உட்கார வேண்டி வரும். உட்காருங்கள், அதில் ஒரு நட்டமும் இல்லை.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2023 ஜனவரியில் நானுஓயா ரதல்ல குறுக்குப் பாதையில் பஸ்ஸும் வேனும் மோதி 7 பேர் இறந்தார்கள். 2025 மே மாதம் கொத்மலை கெரண்டிஎல்லவில் அதிகாலையில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதே ஆண்டு செப்டெம்பரில் எல்ல–வெல்லவாய வீதியில் இரவு நேரத்தில் இன்னொரு பஸ். மூன்றுமே மலை இறக்கங்களில், இருட்டில் நடந்தவை. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். கியரைக் குறைத்து எஞ்சினைக் கொண்டே வேகத்தை அடக்கி இறக்குவதுதான் முறை. கீழ்நாட்டு டிரைவர்கள் பலருக்கு இது பழக்கமில்லை. அதனால் கொழும்பிலிருந்து வேன் கூப்பிடுவதைவிட ஊர் டிரைவரைப் பிடிப்பது நல்லது. அவர் பகலில் வேறு ஹயர் ஓடிவிட்டு நேரே வருகிறாரா, தூங்கி எழுந்து வருகிறாரா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

வேனில் போனால் எந்தப் பாதை?

ஹட்டனிலிருந்து ஏ7 வீதி: வட்டவளை, கினிகத்தேனை, கித்துல்கலை, யட்டியாந்தோட்டை, கரவனெல்லை, அவிசாவளை. அதுவரை வேறு யோசனைக்கு இடமில்லை. அவிசாவளைக்குப் பிறகுதான் டிரைவருக்குப் பாதை தெரியுமா என்பது வெளிப்படும். தெரியாதவர் நேரே கொழும்புக்குள் போய், பேலியகொடையில் ஹைவே ஏறுவார், நகர நெரிசலில் ஒரு மணி நேரம் கரையும். தெரிந்தவர் ஹங்வெல்லை தாண்டி கடுவலையில், கொழும்பைச் சுற்றிப் போகும் வெளிச்சுற்று ஹைவேயில் ஏறிவிடுவார். அங்கே கொட்டாவை பக்கம் போகாமல் கடவத்தை பக்கம் திரும்ப வேண்டும். அது கெரவலப்பிட்டியில் கட்டுநாயக்க ஹைவேயோடு சேர்கிறது. கெரவலப்பிட்டியில் பலகையைப் பார்த்துக் கட்டுநாயக்க பக்கத்துக் கிளையை எடுக்க வேண்டும், தவறினால் பேலியகொடைக்கு, அதாவது கொழும்புக்கே கொண்டுபோய் விட்டுவிடும். சரியாகப் போனால் கடுவலையில் ஏறியதிலிருந்து கட்டுநாயக்கவில் இறங்கும் வரை ஒரு சிக்னல் விளக்குகூடக் கிடையாது. கெரவலப்பிட்டி இணைப்பு 2019இல்தான் திறந்தது. பழைய பழக்கத்தில் ஓடும் டிரைவர்கள் இன்னும் கொழும்புக்குள்ளால் போவதற்கு அதுதான் காரணம்.

மஸ்கெலியாக்காரர்கள் ஹட்டன் டவுனுக்கு வராமல் நோட்டன்பிரிட்ஜ் வழியாகக் கினிகத்தேனையைப் பிடிக்கலாம். மழை நாளில் வேண்டாம், பாதை ஒடுக்கம்.

நுவரெலியாவிலிருந்து இறங்க இரண்டு வழி. தலவாக்கலை, ஹட்டன் வழியாக ஏ7இல் இறங்கலாம். அல்லது ரம்பொடை, புசல்லாவை, கம்பளை வழியாகப் பேராதனைக்கு வந்து கண்டி வீதியைப் பிடிக்கலாம். பின்னதில் பேராதனையிலேயே கொழும்புப் பக்கம் திரும்பிவிட வேண்டும், கண்டி டவுனுக்குள் நுழைந்தால் கதை முடிந்தது. ரம்பொடை ஆஞ்சநேயர் கோவிலில் இறங்கிக் கும்பிடுவது வழக்கம் என்றால் அதற்கு 40 நிமிடம் தனியாக ஒதுக்குங்கள். "அஞ்சு நிமிஷம்" என்று இறங்குகிற குடும்பம் எதுவும் அஞ்சு நிமிஷத்தில் ஏறியதில்லை.

கண்டியிலிருந்து வருகிறவர்களுக்குக் கடுகண்ணாவை, மாவனல்லை, கேகாலை, வரக்காப்பொலை, நிட்டம்புவை. நிட்டம்புவையில் வலப்பக்கம் திரும்பி வெயாங்கொடை, மினுவாங்கொடை வழியாகக் கட்டுநாயக்கவுக்குப் போவதுதான் குறுக்கு வழி. நேரே கடவத்தை வரை போய் ஹைவே ஏறலாம்தான், ஆனால் யக்கலையிலிருந்து கடவத்தை வரை காலையிலும் மாலையிலும் வாகனங்கள் ஊர்ந்துதான் போகும். நள்ளிரவு தாண்டியென்றால் கடவத்தை வழி பரவாயில்லை.

கடுகண்ணாவையில் மண்சரிவு, பாறை விழுந்தது என்று வீதியை மூடிவிட்டால் இடிந்துபோய் உட்கார வேண்டாம். கலகெதரை வழியாகக் குருநாகலுக்கு இறங்கி, அங்கிருந்து மீரிகமை வரை 2022 ஜனவரியில் திறந்த மத்திய ஹைவேயில் ஓடி, திவுலப்பிட்டி, மினுவாங்கொடை பக்கமாகக் கட்டுநாயக்கவுக்கு வரலாம். சுற்றுதான், ஆனாலும் ஹைவே வேகம் இருப்பதால் இழப்பு நினைப்பதைவிடக் குறைவு. இந்த மாற்று வழி டிரைவரின் மனதில் முன்கூட்டியே இருக்க வேண்டும்.

பதுளை, பண்டாரவளை அடங்கிய ஊவா பக்கம் வேறு மாதிரி. பண்டாரவளை, ஹப்புத்தளை, பெரகலை, ஹல்துமுல்லை, பலாங்கொடை, இரத்தினபுரி, அவிசாவளை என்று, பெரகலையிலிருந்து ஏ4இல் வந்து கடுவலையில் ஹைவே ஏறுவதே பெரும்பாலானோர் எடுக்கும் வழி. இரத்தினபுரியில் வெள்ளம் என்றால் அந்த வழி மூடும். அப்போது வெல்லவாய, தனமல்வில வழியாக மத்தளைக்கு இறங்கினால் தெற்கு ஹைவே. அது கொட்டாவையில் வெளிச்சுற்று ஹைவேயோடும், பிறகு கட்டுநாயக்க ஹைவேயோடும் இணைவதால் மத்தளையிலிருந்து விமான நிலையம் வரை ஒரே ஓட்டம். தூரம் அதிகம், ஹைவே கட்டணமும் கூடும். ஆனால் மழைக் காலத்தில் நேரத்தை நம்பிச் சொல்லக்கூடிய வழி இதுதான். எல்லயிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் பகுதியை மட்டும் பகலில் கடந்துவிடுங்கள்.

மழைக் காலத்தில் புறப்படுவதற்கு முந்தின மாலையில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் கவனம், செம்மஞ்சள் என்றால் தயார் நிலை, சிவப்பு என்றால் வெளியேற வேண்டிய நிலை. போகும் வழியிலுள்ள பிரதேச செயலகப் பிரிவு ஒன்று செம்மஞ்சளில் இருந்தாலே ஒரு நாள் முன்னதாக இறங்கிவிடுவது புத்திசாலித்தனம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைத்தும் விசாரிக்கலாம். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் மலையகத்து வீதிகளையும் ரயில் பாதையையும் பல இடங்களில் அறுத்தது. அதற்கு முந்தைய அனுபவத்தை வைத்து "அந்த ரோடு நல்ல ரோடு" என்று முடிவெடுக்காமல், அந்த வாரம் அந்தப் பக்கம் போய்வந்த ஒருவரிடம் கேளுங்கள்.

வேன் பேசும்போது

வாடகை எவ்வளவு என்று மட்டும் கேட்டால் போதாது. டிரைவர் வெறும் வண்டியோடு திரும்பி வர வேண்டும் என்பதால் போக வர இரண்டு பக்கத்தையும் கணக்கிட்டுத்தான் விலை சொல்வார், அது நியாயம். கேட்க வேண்டியது வேறு. மொத்தத் தொகையா, கிலோமீட்டர் கணக்கா? ஹைவே கட்டணமும் பார்க்கிங்கும் யார் பொறுப்பு? வெயிட்டிங் எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கும்? வழியனுப்ப வந்தவர்களைத் திரும்ப அதே வேனில் கொண்டுவருவதும் சேர்த்தா? பேசி முடித்ததும் இதையெல்லாம் வட்ஸ்அப்பில் ஒரு செய்தியாக அனுப்பி "சரி" என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். அதே நாளில் நம் ஊர்ப் பக்கத்து ஆள் யாராவது கட்டுநாயக்கவில் வந்து இறங்குகிறார்களா என்று டிரைவரிடம் கேட்டுப் பாருங்கள். திரும்பும் வழிக்கு ஆள் கிடைத்தால் வாடகை கணிசமாக இறங்கும்.

பதினான்கு இருக்கை கேடிஎச் வேன் என்றால் பதினான்கு பேர் போகலாம் என்று அர்த்தமில்லை. பெரிய பெட்டிகள் வைத்தால் பின் இருக்கை வரிசை போய்விடும். ஒருவர் வெளிநாடு போக, வழியனுப்ப ஒன்பது பேர் ஏறி, பெட்டி மடியில் உட்காருவது நம் ஊரில் சர்வ சாதாரணம். கூரைக் கெரியரில் போட்டால் படங்கு போட்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்ட வேண்டும், வட்டவளையில் வெயிலாக இருந்தாலும் கித்துல்கலையில் கொட்டும். பாஸ்போர்ட், டிக்கெட், பணியகப் பதிவுப் பத்திரம், மருந்து நான்கும் பயணியின் தோளில் தொங்கும் பையில் இருக்கட்டும். கூரைக்கும் போகக் கூடாது, மாமாவின் சட்டைப் பைக்கும் போகக் கூடாது. பெட்டியின் எடையை வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். குளியலறைத் தராசு இல்லாவிட்டால் கொழுந்து நிறுக்கும் தராசு போதும்.

ஹைவேயில் எல்லோரும் பெல்ட் போட வேண்டும். டயர் தேய்ந்திருந்தால் நுழைவாயிலிலேயே பிடித்து நிறுத்தவும் கூடும், அதனால் முந்தின நாளே டயரையும் வைப்பரையும் பாருங்கள். ஆட்டோவுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் ஹைவேயில் அனுமதியில்லை.

வளைவுப் பாதையில் வாந்தி வருகிறவர்கள் மாத்திரையைப் புறப்படுவதற்கு அரை மணி நேரத்துக்கு முன் போட வேண்டும். குமட்டத் தொடங்கிய பிறகு போட்டால் அது வயிற்றில் தங்காது.

பஸ்ஸில்

தனியாக, ஒரே பெட்டியோடு போகிறவருக்கு பஸ் மோசமில்லை. கண்டியிலிருந்து நீர்கொழும்புக்குப் போகும் பஸ்கள் கட்டுநாயக்க வழியாகப் போகின்றன, கொழும்புக்குப் போகவே தேவையில்லை. ஏறும்போதே கண்டக்டரிடம் "எயார்போர்ட்" என்று சொல்லி, எந்த இடத்தில் இறக்குவார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கண்டியில் பஸ் நிறுத்தங்கள் இடம் மாறிக்கொண்டிருப்பதால் பெட்டியை இழுத்துக்கொண்டு தேடாமல் முந்தின நாளே விசாரித்து வையுங்கள்.

ஹட்டன், நுவரெலியா, பதுளை ஆட்கள் கொழும்புப் புறக்கோட்டையில் இறங்கி 187 பஸ் எடுக்க வேண்டும். 187 இரண்டு வகை. ஹைவேயில் போவது முக்கால் மணி நேரத்துக்குள் கொண்டு சேர்த்துவிடும். பழைய நீர்கொழும்பு வீதியில் வத்தளை, ஜா-எல, சீதுவை என்று நின்று நின்று போவது ஒன்றரை மணி நேரம் இழுக்கும். ஏறும் முன் "ஹைவேயா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஹைவே பஸ்ஸில் நின்றுகொண்டு போக முடியாது, இருக்கை நிறைந்தால் அடுத்ததுக்குக் காத்திருக்க வேண்டும். 240 என்பது நீர்கொழும்பு பஸ். அது மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும், அங்கிருந்து முனையத்துக்கு ஆட்டோ பிடிக்க வேண்டும்.

இன்டர்சிட்டி ரோசா சிறு பஸ்களில் பெட்டி வைக்கத் தனி இடம் கிடையாது. பெரிய பெட்டிக்கு ஒரு இருக்கைக் காசு கேட்பார்கள், அதைக் கொடுத்துவிட்டு பெட்டியைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வதுதான் நல்லது. இ.போ.ச. (இலங்கை போக்குவரத்துச் சபை) பெரிய பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்தில் இடம் கிடைக்கும், காலையில் முதல் பஸ் என்றால் நிச்சயமாக. கூடுதலாகக் கட்டணம் கேட்டுத் தகராறு செய்தால் பஸ் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955க்குச் சொல்லலாம். விமானம் பிடிக்கப் போகும் நாளில் வாசலில் நின்று சண்டை பிடிக்க வேண்டாம்.

ரயில் அழகான பயணம். விமானத்துக்குப் போகும் நாளில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ரம்புக்கனை வரைதான் இரட்டைப் பாதை. அதற்கு மேல் ஒற்றைத் தண்டவாளம், ஒரு ரயில் தடம் புரண்டாலோ ஒரு மரம் சாய்ந்தாலோ மேலிருந்து வரும் எல்லா ரயிலும் நின்றுவிடும். விமான நிலையத்துக்கு நேரடி ரயிலும் இல்லை. போயே ஆக வேண்டும் என்றால் ஒரு நாள் முன்னதாகப் போங்கள், பதிவு செய்த இருக்கையில் போங்கள். உங்கள் ரயில் வெயாங்கொடையிலோ கம்பஹாவிலோ நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அங்கே இறங்கி மினுவாங்கொடை வழியாகப் போகலாம், கொழும்புக் கோட்டை நிலையம் வரை போய்த் திரும்பி வர வேண்டியதில்லை. டித்வாவுக்குப் பிறகு எந்த ரயில் எதுவரை ஓடுகிறது என்பதை நிலையத்தில் கேட்ட பிறகே டிக்கெட் எடுங்கள்.

சில நாட்களில் மேலே சொன்ன நேரங்கள் செல்லாது. ஏப்ரலில் நுவரெலியா வசந்த காலம், டிசம்பர் போயாவிலிருந்து (பௌர்ணமியிலிருந்து) வெசாக் வரையான சிவனொளிபாதமலைப் பருவத்தின் வார இறுதிகள், கண்டிப் பெரஹரா நாட்களின் மாலைகள், நீண்ட விடுமுறை முடியும் ஞாயிறு பிற்பகல். கடைசியில் சொன்னதுதான் மிக மோசம். சுற்றுலா வந்த கொழும்பு முழுவதும் ஒரே நேரத்தில் கீழே இறங்கும், கித்துல்கலையிலிருந்து அவிசாவளை வரை வாகனங்கள் நின்று நின்றுதான் நகரும். அந்த நாளில் விமானம் இருந்தால் காலையிலேயே இறங்கிவிடுங்கள்.

காலை 7 மணி விமானத்துக்கு, சென்னைக்குப் போகிறவர்கள் அடிக்கடி இந்த நேரத்தில் மாட்டுவார்கள், அதிகாலை 4 மணிக்கு வாசலில் நிற்க வேண்டும். இதற்காக நள்ளிரவில் மலை இறங்குவதைவிட முந்தின நாள் வந்து சீதுவை, கட்டுநாயக்க, நீர்கொழும்பு பக்கம் ஒரு அறை எடுத்துத் தங்குங்கள். சொந்தக்காரர் வீடு கொழும்பில் இருக்கிறது என்று வெள்ளவத்தைக்குப் போனால், காலையில் மறுபடியும் நகரத்தைக் குறுக்கே கடக்க வேண்டும். பிக்மீ, ஊபர் ஆகிய டெக்சி ஆப் இரண்டும் கட்டுநாயக்க, நீர்கொழும்புப் பக்கம் கிடைக்கும். மலையில், கண்டியைத் தவிர்த்தால், அவற்றை நம்பி இருக்க முடியாது.

முனையத்தின் வாசலில் பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் பார்ப்பார்கள், பெட்டிகளை அங்கேயே ஸ்கேன் செய்வார்கள். வழியனுப்ப வந்தவர்களை எதுவரை விடுவார்கள் என்பது பாதுகாப்பு நிலவரத்துக்கு ஏற்ப மாறும். அதனால் அழுவது, ஆசீர்வாதம் வாங்குவது, படம் எடுப்பது எல்லாவற்றையும் வேன் நிற்கும் இடத்திலேயே முடித்துவிடுங்கள். இறக்கும் பாதையில் வண்டியை நிறுத்தி வைக்க விடமாட்டார்கள், பெட்டி இறங்கியதும் டிரைவர் பார்க்கிங்குக்குப் போக வேண்டும்.

திரும்பி வரும்போதும் இதே விதிதான். நள்ளிரவில் இறங்கி, ஆசையில் உடனே மலை ஏறத் தோன்றும். வருகிறவர் விமானத்தில் தூங்கியிருக்க மாட்டார், டிரைவரோ இரவு முழுக்கப் பார்க்கிங்கில் கொசுக்கடியில் கிடந்திருப்பார். 3 மணிக்கு வெளியே வந்தால் கட்டுநாயக்கவிலேயே ஒரு தேநீர் குடித்து, டிரைவரை ஒரு மணி நேரமாவது தூங்க விட்டு, விடியும் நேரத்தில் அவிசாவளையில் இருக்கும்படி கிளம்புங்கள். முன்பதிவு இல்லாமல் வந்தால் வருகைக் கூடத்துக்குள் இருக்கும் டெக்சி கவுன்டரில் விலை கேட்டு ரசீது வாங்குங்கள். வெளியே வந்து தோளைத் தட்டிப் பெட்டியைப் பிடிக்கிறவரோடு பேசத் தொடங்கினால் ஹட்டன் வரைக்கும் ஒரு விலை, யட்டியாந்தோட்டை தாண்டியதும் இன்னொரு விலை.